மேல் சிலிண்டர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது கொஞ்சம்தான். என் ஸ்கூட்டரை ஒரு பட்டறையில் விட்டுவிட்டுக் காத்திருந்தேன். எதிரே ஒரு பழைய பிக்கப் வண்டி நின்றது. அடியில் ஒருவர் படுத்திருந்தார், முழங்காலுக்குக் கீழேதான் தெரிந்தது. ஓட்டுநர் இருக்கையில் இன்னொருவர் காலைக் கிளட்ச் மிதியில் வைத்துக்கொண்டு, தோள்பட்டைச் சட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தூசி விழுந்திருக்கலாம். வெறும் தூசி என்றால் கதை இல்லை.

ஸ்கூட்டர் தயாரானதும் கிளம்பிவிட்டேன். "என்னங்க ஆச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். கேட்காமல் வந்த பாவத்துக்கு இதை எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

2

கிழித்த தொடக்கங்களில் சில:

"வண்டிகளுக்கும் மனிதர்களைப் போலவே ஒரு..." (ஐயோ. இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

"அந்த பிக்கப்புக்கு அவள் வைத்த பெயர் கிழவன்." (நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் யார் என்று உடனே சொல்ல வேண்டியிருக்கும்.)

"அவள் இறந்த பிறகு வண்டியை யாரும்..."

இந்த வரியைத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். சரி, சொல்லிவிடுகிறேன். அடியில் படுத்திருப்பவர் மெக்கானிக். இருக்கையில் இருப்பவன் ஓட்டுநர், மெக்கானிக்கின் ஒரே தங்கையைக் கட்டியவன். நடுவில் இருந்தவள் அவள். ஒரு ஆண் பட்டறையில் உட்கார்ந்து அழுவதற்குக் காரணம் தேவைப்பட்டது, அதனால் அவளைக் கொன்றேன்.

(முதல் பிரதியில் உயிரோடுதான் இருந்தாள். பட்டறை வாசலில் நின்று, "ரெண்டு பேரும் இந்தக் கிழவனையே கட்டிக்கிட்டுக் கிடங்க, சாப்பாடு ஆறிப் போச்சு" என்று கத்தினாள். இரண்டு பேரும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். கதை அத்தோடு படுத்துவிட்டது. அந்தப் பிரதியை இன்னும் எறியவில்லை. எப்போதாவது எடுத்துப் பார்க்கிறேன்.)

3

கிளட்ச் தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். போக மாட்டீர்கள், தப்புக் கண்டுபிடிக்கவாவது படிப்பீர்கள்.

இந்த வண்டியில் கால் வைக்கும் மிதிக்கும் உள்ளே இருக்கும் கிளட்சுக்கும் நடுவே கம்பி கிடையாது, எண்ணெய்தான். மிதியை அழுத்தினால் மேல் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் குழாய் வழியாகப் போய், கியர்பெட்டியை ஒட்டியிருக்கும் கீழ் சிலிண்டரைத் தள்ளும். அது கிளட்சை விலக்கிவிடும், அப்போதுதான் கியர் விழும். வழியில் எங்காவது எண்ணெய் நழுவினால் மிதி தரையோடு தரையாகப் போய்விடும். கியரைப் போட்டால் கர்ரென்று கத்தும், விழாது.

அன்றைக்கு விழவில்லை.

அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. அன்று மதியம் வழக்கமான மருந்து கேட்கவில்லை. அவளை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். மேட்டில் ஒரு சிக்னல். பச்சை விழுந்தது, கியர் விழவில்லை. மிதித்தான், மிதித்தான், மிதி மேலே வரவே இல்லை. பின்னால் எல்லா வண்டியும் ஹாரன் அடித்தது. அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். அவள் பிடி மெல்ல

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கப் போவதும் இல்லை.]

இறங்கி ஓடி, ஒரு காரை மறித்து, அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா..." என்றார் டாக்டர். அவரும் வாக்கியத்தை முடிக்கவில்லை.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இதைப் படித்த லாரிக்கார நண்பர் ஒருவர் கடுப்பாகிவிட்டார். "என்னய்யா எழுதியிருக்க? எஞ்சினை ஆஃப் பண்ணி, ஃபர்ஸ்ட் கியரைப் போட்டு, அப்படியே ஸ்டார்ட் பண்ணா வண்டி குதிச்சிக்கிட்டாவது கிளம்பியிருக்குமே. இது கூடவா ஒரு டிரைவருக்குத் தெரியாது?" தெரியும். வேறு வேறு ரோடுகளில் எத்தனையோ தடவை அப்படி எடுத்திருக்கிறான். அன்று அது நினைவுக்கு வந்தது ஆஸ்பத்திரி வராந்தாவில், எல்லாம் முடிந்த பிறகு. நண்பரிடம் இதைச் சொன்னதும் அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.)

4

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து மெக்கானிக்கின் பட்டறை ஓரத்தில் விட்டார்கள். மாதக்கணக்கில் அப்படியே நின்றது. மெக்கானிக் அதைச் சுற்றிக்கொண்டுதான் தினமும் உள்ளே போவார். பானட்டைத் திறந்ததில்லை. ஓட்டுநர் யாரோ ஒருவருடைய வண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். ஒருநாள் வந்து வாசலில் நின்று, "வண்டி வேணும் மச்சான். பொழப்பு ஓடணும்ல" என்றான்.

"வாங்க மாப்ள. நாளைக்கு லீவு, ஆள் யாரும் வரமாட்டாங்க. நாம ரெண்டு பேரே பாத்துக்கலாம்" என்றார் மெக்கானிக். வேறு யாரும் பக்கத்தில் இருப்பதை அவர் விரும்பவில்லை. (ஸ்கூட்டரோடு காத்திருந்த என்னையும் கதையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டேன்.)

ஏன் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். கிளட்சில் குறையைத் தேடுவது அன்று வேறொன்றைத் தேடுவதாகவும் ஆகிவிட்டது. மேல் சிலிண்டருக்கு எண்ணெய் ஊற்றும் டப்பா வறண்டிருந்தால், கவனிக்காமல் விட்ட ஓட்டுநர்மேல் பழி. மிதி கெட்டியாக நின்று, அப்படியும் கியர் விழாவிட்டால், கோளாறு கிளட்ச் பெட்டிக்குள்ளே. கிளட்ச் தட்டு விலகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், அது யார் குற்றமும் இல்லை. மிதி காலடியில் மெல்ல இறங்கிக்கொண்டே போனால், மேல் சிலிண்டருக்குள் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். அப்படியென்றால் மெக்கானிக்.

அவள் போவதற்குச் சில மாதம் முன்னால் கீழ் சிலிண்டர் ஒழுகியது. மாற்றிக் கொடுத்தார். மேலும் கீழும் ஒரே வயசு, கீழே புதுசு போட்டால் அழுத்தம் மேலே இருக்கும் பழசைப் பிடித்துக்கொள்ளும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். கையில் ஒரு சிலிண்டர்தான் இருந்தது. "மேல இருக்கறது இன்னும் நாள் வரும் மாப்ள, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

5

பானட்டைத் தூக்கினார்கள். டப்பாவில் எண்ணெய் கழுத்துவரை இருந்தது. ஓட்டுநர் மூச்சு விட்டது எனக்கே கேட்டது.

மெக்கானிக் அடியில் போய்க் குழாயைத் தடவிப் பார்த்தார், கீழ் சிலிண்டரைத் துடைத்துப் பார்த்தார். எங்கும் ஈரமில்லை. அவர் போட்ட புது சிலிண்டர் புதுசாகவே இருந்தது.

"மாப்ள, ஏர் எடுத்துரலாம். அமுக்குங்க."

"அமுக்கிட்டேன்."

"அப்படியே பிடிங்க." கீழே ஸ்பேனர் திரும்பியது, எண்ணெய் சீறியது. "போதும், விடுங்க. இன்னொரு தடவை."

இரண்டு பேருக்கும் இந்த வேலை பழக்கம். தங்கை கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இப்படி ஒருவர் மேலே, ஒருவர் கீழே. இந்த வேலைக்கு வேண்டிய வார்த்தைகளைத் தவிர வேறெதையும் அன்று பேசவில்லை. காற்று முழுக்க வெளியேறியது. மிதி கெட்டியானது.

"இப்ப கடைசியா ஒண்ணு. எஞ்சின் வேண்டாம். மிதியை அமுக்கி, காலை அசைக்காம வெச்சிருங்க."

கீழே மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். நிற்க வேண்டும், நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அவர் வேண்டிக்கொண்டதை நான் ஒளித்துவைக்க விரும்பவில்லை. பெட்டிக்குள்ளே தட்டு ஒட்டிக்கொண்டிருக்கட்டும், யார்மேலும் பழி வேண்டாம், ஒரு கிழட்டு வண்டி தன்பாட்டுக்குக் கெட்டுப்போனதாக இருந்துவிட்டுப் போகட்டும்.

மிதி முதலில் நின்றது. பிறகு, உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுபவன் தலை மாதிரி, மெல்ல இறங்கத் தொடங்கியது.

6

இங்கேதான் ஓட்டுநர்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இதுவரை அவனை நல்லவனாகவே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ரப்பர் வாஷர் ஒரே நாளில் சாவதில்லை. முன்கூட்டியே சொல்லும். காலையில் மிதி கொஞ்சம் தொளதொளக்கும், இரண்டு மிதி மிதித்தால் சரியாகிவிடும். தினமும் ஓட்டுபவனுக்கு அது தெரியாமல் இருக்குமா?

தெரிந்துதான் இருந்தது. ஒரு மாசமாக மிதியை இரண்டு தடவை உதைத்து உதைத்துத்தான் கியர் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னங்க இது, தாளம் போடற மாதிரி? அண்ணன்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வாங்களேன்."

"காட்டலாம், காட்டலாம்."

காட்டவில்லை. காரணம் அற்பமானது. கீழ் சிலிண்டர் மாற்றிய அன்று, நான்கு வாடிக்கையாளர்கள் எதிரில் மெக்கானிக் கிண்டல் பண்ணிவிட்டார். "மாப்ள கிளட்ச் மேலயே காலை வெச்சுத் தூங்கிக்கிட்டு ஓட்டுவாரு. அப்புறம் எந்த சிலிண்டர் தாங்கும்?" எல்லோரும் சிரித்தார்கள். ஓட்டுநருக்கு அது பொறுக்கவில்லை. மாப்பிள்ளை முறுக்கு, வேறென்ன. திரும்ப அந்த வண்டியைக் கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்தினால் இன்னொரு சிரிப்பு எழும் என்று, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒரு மாசத்தை ஓட்டிவிட்டான்.

(இந்தப் பகுதியை எழுதியிருக்கக் கூடாது என்று சில நாட்கள் தோன்றுகிறது. இது இல்லாவிட்டால் மெக்கானிக் ஒருவர்தான் குற்றவாளி, கதை ஒரு பக்கமாகச் சாய்ந்து சுலபமாக முடிந்திருக்கும். எழுதியாகிவிட்டது. இப்போது இது மூன்று பேருக்குத் தெரியும்: அவனுக்கு, எனக்கு, உங்களுக்கு. அவளுக்கும் தெரிந்திருந்தது.)

7

"மாப்ள, நிக்குதா?"

"எறங்குது மச்சான்."

அதில் அவன் பொய் சொல்லவில்லை. சிலிண்டரைக் கழற்றினால் எப்படியும் தெரிந்துவிடும்.

கீழே ஸ்பேனரைத் தரையில் வைக்கும் ஒலி கேட்டது. பிறகு மெக்கானிக்கின் குரல் வந்தது, அவர் குரல் மாதிரியே இல்லை.

"அன்னைக்கே மாத்தியிருக்கணும் மாப்ள. எனக்குத் தெரியும். தெரிஞ்சே விட்டுட்டேன். என் கையாலயே என் தங்கச்சியை..."

எனக்கு இரண்டு முடிவுகள் வந்தன, இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டேன்.

ஒன்றில் ஓட்டுநர் சொல்லிவிடுகிறான். "ஒரு மாசமாவே எறங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு மச்சான். உங்ககிட்ட காட்டச் சொல்லி அவ சொன்னா. நான்தான் வரலை." மெக்கானிக் வெளியே வருகிறார். அதற்குமேல் ஒவ்வொரு தடவை எழுதும்போதும் வேறு மாதிரிப் போகிறது. ஒரு பிரதியில் அவன் சட்டையைப் பிடிக்கிறார். ஒன்றில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறார், பிறகு அவன் முகத்தில் விழிப்பதே இல்லை. பெரும்பாலும் கதவைச் சாத்தும் பிரதிதான் உண்மையாகத் தெரிகிறது. ஓட்டுநர் இதற்குத்தான் பயப்படுகிறான். அந்த மூக்கு, சிரிக்கும்போது ஒரு பக்கம் கோணும் அந்த வாய், அவளுடைய அதே சாடை உலகத்தில் இன்னும் அவர் ஒருவரிடம்தான் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான், வேலை இல்லாத நாளிலும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்துபோகிறான்.

இன்னொன்றில் அவன் சொல்லவில்லை. "விடுங்க மச்சான், விதி" என்கிறான். மெக்கானிக் மேல் சிலிண்டரை மாற்றிக் கொடுக்கிறார். கியர் வெண்ணெயாக விழுகிறது. மச்சான் உறவு நிலைக்கிறது, பிழைப்பு ஓடுகிறது. மன்னித்துவிட்ட பெரிய மனசுக்காரன் என்று அவனை அவர் நினைத்துக்கொள்கிறார், அவன் முன்னால் எப்போதும் தலை குனிந்தே நிற்கிறார், நாளுக்கு நாள் இளைக்கிறார். அந்தப் பிரதியை எழுதி முடித்தபோது கதை அவ்வளவு கச்சிதமாக இருந்தது. படித்துப் பார்த்த எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவதாக, அவளைக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. செத்தவர்களைப் பேசவைப்பது எழுத்தாளனுக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் கொன்றவனே போய், "உன் புருஷனைச் சொல்லச் சொல்லட்டுமா, வேண்டாமா?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே நிறுத்துகிறேன். மிதி தரையைத் தொட்டுவிட்டது, அவன் காலை எடுக்கவில்லை. "மச்சான்..." என்று கூப்பிட்டுவிட்டான். கீழே ஒருவர் மல்லாந்து படுத்து, எண்ணெய்க் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, தங்கையைத் தானே கொன்றுவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறார். அடுத்து அவன் சொல்லப்போவது என்ன என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை. ஆனால் நீங்கள் யோசித்து முடிக்கும்வரை அவர் அங்கேயேதான் கிடப்பார்.