மீசை வைத்த சூரியன்

சட்டம் போடுவதுதான் அவள் பிழைப்பு. நாட்டுக்குப் போடுகிற சட்டமல்ல, படத்துக்குப் போடுகிறது. நாட்டுச் சட்டத்தை நம்பி ஒருமுறை காவல் நிலையத்துக்கும் போய்ப் பார்த்தாள். "புருஷன் பொண்டாட்டி சண்டைக்கெல்லாம் இங்க வரலாமாம்மா?" என்று குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். அதற்கு மரச்சட்டமே மேல் என்று மகளையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு ஊர் மாறி வந்துவிட்டாள்.

வந்து சேர்ந்த இடம் ஒரு தெருமுனை ஓவியக்கூடம். முன்பு தையல்கடையாக இருந்த கட்டடம். முன்னால் தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடி, நடுவில் படங்கள் மாட்டும் கூடம், பின்னால் ஒரு பிளைவுட் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் அவளுடைய பட்டறை. குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு, வயதானவர்களுக்குத் தனி வகுப்பு, தெருக்காரர்கள் கூட்டம் போட்டுச் சண்டை பிடிப்பது எல்லாம் அந்தக் கூடத்தில்தான். நடத்துகிறவரை எல்லோரும் கதைக்கார அக்கா என்பார்கள். படம் பார்க்க வந்தவரை ஒரு கதை சொல்லாமல் வெளியே விடமாட்டார், அதில் பாதி அவராக அளப்பது. ஒரு தட்டில் இரண்டு பழம் வரைந்திருந்தால்கூட அதற்குள் ஒரு காதல் தோல்வியைக் கொண்டுவந்துவிடுவார்.

அந்த வாய்க்குத்தான் அவள் பயந்தாள். வேலை கேட்டு வந்த அன்றே, "வீட்டுக்காரர்?" என்று அக்கா கேட்டபோது, "மாரடைப்பு. போயிட்டார்" என்று சொல்லி வைத்தாள். அக்கா உச்சுக்கொட்டினார். அதற்குமேல் தோண்டவில்லை.

போகாத அந்த மனுஷன் ஊர் ஊராகச் சுற்றிக் கடைகளில் பெயிண்டுக்கு ஆர்டர் எடுக்கிறவன். "நீ எந்த ஊருக்கு ஓடினாலும் அங்க எனக்கு ஒரு கடை இருக்கு. பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிருவேன். அப்புறம் நீ அவ முகத்தை போட்டோவுலதான் பாக்கணும்" என்று அவள் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு சொன்னவன். சொன்னதைச் செய்கிற ஆள். அவனிடம் இருந்த ஒரே ஒழுங்கு அதுதான்.

'எங்கள் தெரு' என்று ஒரு கண்காட்சி வைத்தார் அக்கா. தெருவில் இருக்கும் யார் வேண்டுமானாலும் வரைந்து தரலாம். மகளும் தந்தாள். அவளை அங்கே எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள், ஒரு இடத்தில் உட்காரமாட்டாள். ஆனால் அந்தப் படத்துக்கு மட்டும் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முனை மரம், மாடியில் காயும் துணி, படுத்திருக்கும் நாய், ஓவியக்கூடத்தின் கண்ணாடி எல்லாம் அதில் இருந்தன. வலது மூலையில், முறுக்கிய மீசையோடு ஒரு சூரியன்.

பார்த்ததும் அவள் படத்தைக் கவிழ்த்துப் போட்டாள். அந்த மீசையைச் சொல்லிக் கொடுத்தவன் அவன். மகளை மடியில் வைத்து, அவள் கையைப் பிடித்து வரையவைத்து, "இது அப்பா. மேல இருந்து பாத்துக்கிட்டே இருப்பேன்" என்பான். நோட்டு, சுவர், பேருந்துச் சீட்டின் பின்பக்கம், எங்கே கிறுக்கினாலும் வாலு அந்தச் சூரியனைப் போடாமல் விடுவதில்லை. பிள்ளை அப்பாவுக்கு ஏங்குகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஏங்குகிற பிள்ளையிடம் எதைச் சொல்ல?

அக்காவோ, "இதுதான் முன்னால, தெருவைப் பாத்து" என்று சொல்லிவிட்டார். காரணம் சொல்லாமல் மறுக்க முடியாது. காரணம் சொன்னால் கதையாகிவிடும்.

கடைசியில் தொழில்தான் கைகொடுத்தது. சட்டத்தின் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஒரு தடித்த அட்டை வைப்பார்கள். அதில் ஜன்னல்போல் வெட்டி எடுத்தால், அந்த ஜன்னல் வழியாகப் படம் தெரியும். ஜன்னலைக் கொஞ்சம் சிறிதாக வெட்டினால் ஓரங்கள் அட்டைக்கு அடியில் போய்விடும். அவள் வெட்டினாள். மீசையும் சூரியனும் மொத்தமாக மறைந்தன. படம் தெருவைப் பார்த்து ஏறியது. அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

"என் சூரியன் எங்கம்மா?" என்று வாலு கேட்டாள்.

"மேகம் மறைச்சிருக்குன்னு வெச்சுக்கோ."

வாலு அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. அது வாலுவின் வழக்கமே இல்லை என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

மறுநாள் மாலை வயதானவர்கள் வகுப்பு. கூடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. அவள் தடுப்புக்குப் பின்னால் ஒரு சட்டத்தின் மூலையைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். வாலு காலடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கூடத்துக்குள் யாரோ வந்து தொண்டையைச் செருமினார்கள்.

அந்தச் செருமல் போதும். அவள் கையிலிருந்த சுத்தியல் அந்தரத்திலேயே நின்றது.

"கண்ணாடியில ஒரு படம் இருக்குதுங்களே, அது யார் வரைஞ்சது?" வெளியாட்களுக்கென்று அவன் வைத்திருக்கும் சர்க்கரைக் குரல்.

"எதைக் கேக்கறீங்க?" என்றார் அக்கா.

"சூரியன் இருக்கே, அது. மீசை வெச்ச சூரியன்."

சூரியனா? அதைத்தான் மறைத்தாகிவிட்டதே. அவள் குனிந்து பார்த்தாள். வாலுவின் விரல்களில் ஆரஞ்சு நிற மை. வகுப்பில் கரும்பலகைக்குப் பதிலாக வெள்ளைப் பலகையில் எழுதும் பேனாவின் மை. பிள்ளை சட்டத்தின் கண்ணாடி மீதே, அட்டை மறைத்த மூலையில், சூரியனைத் திரும்ப வரைந்து வைத்திருக்கிறாள்.

பட்டறைக்குப் பின்கதவு உண்டு. ஆனால் அதன் தாழ்ப்பாள் துருப்பிடித்தது, இழுத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். மற்ற வழி கூடத்தின் நடுவே போகிறது. பிள்ளை 'அப்பா' என்று ஒரு சத்தம் போட்டால் போதும். அவள் வாலுவை இழுத்து மடியில் அமுக்கி வாயைப் பொத்தினாள். பொத்திய பிறகுதான் தெரிந்தது, அவன் தன் வாயைப் பொத்துகிற மாதிரியே பொத்தியிருந்தாள். கையைத் தளர்த்தினாள். வாலு சத்தம் போடவில்லை. வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஓ, அதுவா! அதுக்கு ஒரு பெரிய கதையே இருக்கு" என்று ஆரம்பித்தார் அக்கா.

போச்சு. இந்த வாய் ஆரம்பித்தால் நிற்காதே.

"வரைஞ்சவங்க இங்கதான் இருக்காங்க. கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுங்க" என்றான்.

அட்டை வெட்டும் கத்தி மேசைமேல் கிடந்தது. அவள் அதை எடுத்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது.

"போஸ்ட் மாஸ்டர் சார்! உங்க சூரியன் படத்தைக் கேட்டு ஒருத்தர் வந்திருக்கார் பாருங்க!"

நாற்காலி நகரும் சத்தம். ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது, எல்லாம் மீசைக்குக் குடிபோய்விட்டன. காதும் கொஞ்சம் மந்தம். "என் படமா?" என்றார். ஒரு கணம் கூடமே மூச்சுவிடாமல் இருந்தது. பிறகு, "ஆமா, நான்தான் போட்டேன். என் மீசையைத்தான் அதுக்கும் வெச்சேன். ஏன், நல்லா இல்லையா?"

"சின்னப் பிள்ளை வரைஞ்ச மாதிரி இருக்கு."

"சின்னப் பிள்ளையா? எவ்வளவு நாளா கத்துக்கிட்டு இருக்கேன் தெரியுமா தம்பி?" கிழவர் நிஜமாகவே கோபப்பட்டார்.

யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "என் பொண்ணு இப்படித்தான் போடுவா. அவ அம்மா கூட்டிட்டு ஓடிட்டா. அதான் கேட்டேன்."

"அடப்பாவமே! நம்பரைக் குடுத்துட்டுப் போங்க, பாத்தா நானே கூப்பிடறேன்" என்றார் அக்கா.

அவன் எண்ணைச் சொன்னான். செருப்புச் சத்தம் தடுப்புவரை வந்து நின்றது. இந்தப் பக்கம் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

"அடுத்த மாசம் இந்தப் பக்கம் மறுபடி வருவேன்" என்றான். பிறகு கதவு சாத்தப்பட்டது. வண்டி கிளம்பியது.

வெகுநேரம் கழித்து அக்கா உள்ளே வந்தார். முன்கதவைப் பூட்டிய சாவி கையில் இருந்தது. மரக்குவியல்மேல் உட்கார்ந்து, "மாரடைப்புல போனவருக்குக் குரல் நல்ல கணீர்னு இருக்கே" என்றார்.

"உங்களுக்கு எப்படிக்கா?"

"பிள்ளைங்க போட்ட கையெழுத்துல ஒரு புள்ளி மறைஞ்சாலும் அட்டையைத் தூக்கிப் போட்டுட்டு வேற வெட்டுறவ நீ. சொந்தப் பொண்ணோட சூரியனையே முழுசா முழுங்கியிருந்தே. என்னமோ இருக்குன்னு அப்பவே பட்டுது. நீயா சொல்லுவேன்னு இருந்தேன். அந்தாளு சூரியன்னு வாயைத் திறந்ததும் புரிஞ்சுபோச்சு." அக்கா அவள் கையிலிருந்த கத்தியை மெதுவாக வாங்கி மேசையில் வைத்தார். "அடுத்த மாசத்துக்குள்ள ஏதாவது வழி பண்ணுவோம். அழாதே."

அவள் அழுதாள். அழுது முடித்து மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள். "அப்பாவைப் பாக்கணும்னு இருக்காடா கண்ணு? அதான் சூரியனைத் திரும்பப் போட்டியா?"

வாலு வேகமாகத் தலையாட்டி மறுத்தாள்.

"எல்லாப் படத்துலயும் என்னைப் போடணும், போடலைன்னா நேர்ல வந்துருவேன்னு அப்பா சொல்லியிருக்கார். நீ மறைச்சுட்டே. எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் போட்டேன்." விரலில் ஒட்டியிருந்த மையைப் பாவாடையில் தேய்த்தாள். "போட்டும் வந்துட்டாரேம்மா."

இத்தனை நாளும் இந்தப் பிள்ளை ஒவ்வொரு தாளிலும் தனியாகக் காவல் இருந்திருக்கிறது. பெற்றவளுக்கு அது ஏக்கமாகத் தெரிந்திருக்கிறது.

ஈரத்துணியை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். வாலு அவள் புடவையைப் பிடித்தபடி கூடவே வந்தாள். படத்தின் கண்ணாடிமேல் ஆரஞ்சுச் சூரியன் மீசையை முறுக்கிக்கொண்டு இருந்தது. துடைக்க ஒரு நொடி ஆகாது. ஆனால் துணி சூரியன் பக்கத்தில் போனதும் அவள் கை நின்றது. துடைத்தால் வந்துவிடுவானோ என்று அவளுக்கும் தோன்றிவிட்டது.

"துடைச்சிடும்மா" என்று பின்னாலிருந்து அக்கா சொன்னார்.

துடைத்தாள். மீசை முதலில் போயிற்று, பிறகு முகம். வாலு அதைப் பார்க்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.