ஒரு பக்கம் முப்பது நிமிடம்

மூன்று பிடி மண்ணைத் தள்ளிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டான் சுஐபு. நகத்துக்குள் ஏற்கெனவே இருந்த ஃபேக்டரி சிமெண்டோடு கபர் மண்ணும் சேர்ந்துகொண்டது. உள்ளே கிடக்கிற காக்காவின், கூடப்பிறந்த அண்ணனின், முகத்தை நினைத்துப் பார்த்தான். வரவில்லை.

கபர்ஸ்தானுக்கு வெளியே மக்தூம் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினான். அமீரகத்தில் ராஸ் அல் கைமா பக்கத்துப் பழைய கோட்டையில் காக்கா செய்கு அலாவுதீனோடு வாட்ச்மேன் வேலை பார்த்தவன். பைக்குள் டேப் ரெக்கார்டர்.

“அவரு விழுந்து கெடந்தப்ப பக்கத்துல இருந்துச்சு. நாடா முழுசா ஓடி நின்னிருந்துச்சு. நான் கேக்கல பாய். நீங்களும் கேக்காதீங்க.”

சுஐபு போன் பூத்திலிருந்து ஊருக்கு, கீழக்கரைக்குப் பேசினான். காக்காவின் மனைவி, நஜீஹா மச்சி எடுத்தாள். அழுது ஓய்ந்த குரல்.

“இந்த வாரம் நாடா பதிஞ்சாஹளா தம்பி?”

“பதிஞ்சிருக்காஹ மச்சி.”

“அப்படியே அனுப்பிருங்க. கடேசி வரைக்கும் ஓடவிட்டுத்தான் கேப்பேன். அவுஹ ஒருநாளும் பாதியில நிறுத்துனதில்ல.” கொஞ்சம் பொறுத்து, “போன நாடாவுல என்னமோ சொட்டுற சத்தம். அங்க கொழா ஒழுகுதா?”

கார்டு தீர்ந்து லைன் அறுந்தது.

ஃபேக்டரி ஆட்கள் தங்கும் கேம்பில் ஒரு ரூமுக்கு எட்டுப் பேர். தனியாகக் கேட்க இடமில்லை. காக்கா பதிவு செய்கிற இடத்துக்கே போனான்.

“எப்பவும் பாதாளத்துல உக்காந்துதான் பொஞ்சாதிகிட்ட பேசுவாரு. குளிரும் ஃப்ரீ, ஜின்னும் ஃப்ரீம்பேன். சிரிக்கமாட்டாரு,” என்றான் மக்தூம். மேல்படியோடு நின்றுகொண்டான்.

கோட்டைக்கு அடியில் வளைந்த கல்கூரை போட்ட நிலவறை. ஐந்நூறு வருஷப் பழசு என்று வாசலில் பலகை. அந்தக் காலத்தில் பேரீச்சம்பழ மூட்டைகளை இங்கே அடுக்குவார்களாம். பழம் தன் பாரத்தில் தானே நசுங்க, பாகு தரை வாய்க்கால்களில் ஓடி மூலையில் புதைத்த ஜாடிக்குள் இறங்கும். இப்போது மூட்டையும் இல்லை, பாகும் இல்லை. அதைப் பார்க்கத்தான் டிக்கெட்.

நாடாவைச் சுற்றிவிட்டு ஓடவிட்டான்.

“...சின்னவ கால் அளவ பேப்பர்ல வரஞ்சு அனுப்பு. போன தடவ செருப்பு பெருசாப் போச்சு...”

ஒரு முனகல். டம்ளர் உடைந்தது. அப்புறம் மூச்சு, இழுத்து இழுத்து, வெகுநேரம். கடைசியில் “நஜீஹா” என்றார். அதோடு முடிந்தது. பிறகு நாடா தீரும்வரை சொட்டு, சொட்டு என்று மட்டும்.

இதை அவள் கேட்கக்கூடாது. அந்த மூச்சை அழித்தாக வேண்டும். அழித்தால் பெயரும் போய்விடும்.

பெயர் வருகிற இடத்தை மூன்று தடவை கேட்டான். பிறகு செருப்பு வரைக்கும் பின்னால் சுற்றி, ரெக்கார்ட் பட்டனை அழுத்தி, பேசாமல் உட்கார்ந்தான். பக்கம் முடிய இருபது நிமிடம். அசையவில்லை. அறையில் ஒரு சத்தமும் இல்லை. காலடியில் டம்ளர் சில்லு ஒன்று கிடந்தது.

சரிபார்க்க ஓடவிட்டான். செருப்பு. மௌனம். நல்லது.

சொட்டு.

கொஞ்சம் விட்டு, இன்னொன்று.

வாய்க்காலில் விரல் வைத்துப் பார்த்தான். காய்ந்த கல். மறுபடி அழுத்த பட்டன் வரை கை போனது. திரும்பிவிட்டது. நாடாவின் ஓரத்துப் பிளாஸ்டிக் தகட்டை உடைத்தான். இனி இதில் யாரும் பதிய முடியாது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

வாய்க்கால் நெடுக எறும்புகள் வரிசையாக ஜாடியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. திரும்பி வருவது ஒன்றுகூட இல்லை.