மூன்று மேஜையிலும் ஒரே தழும்பு

ஓவர்லாக் மிஷின் கெட்டுப்போனதிலிருந்து, தைத்த துணிகளுக்கு ஓரம் அடிக்க அம்மா பக்கத்துத் தெருவுக்கு அலைந்துகொண்டிருந்தாள். பாதி விலைக்குப் புது மிஷின் தருவதாகச் சொன்ன ஒரு இணையதளத்தை அக்கா கண்டுபிடித்தாள். அம்மாவின் இரண்டு வருடச் சேமிப்பு அதற்குச் சரியாக இருந்தது.

“வாங்கினவங்க போட்டோகூடப் போட்டிருக்காங்கம்மா. மூணு பேரு, மூணு ஊரு,” என்றாள் அக்கா. அவள் விரல் பணம் அனுப்பும் பட்டனுக்குப் பக்கத்தில் நின்றது.

நான் எட்டிப் பார்த்தேன். மூன்று படத்திலும் மிஷின் இருந்த மேஜையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு ஒன்று தெரிந்தது. அதே வடிவம், அதே மூலை.

“அக்கா, இரு. மூணு ஊர்லயும் ஒரே மேஜையா?”

“வாயே திறக்காதவ கேக்குறா. என்னன்னு பாருடி,” என்றாள் அம்மா.

அக்கா படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு ஃபோனைக் கீழே வைத்தாள். “நல்ல வேளை, அமுக்கல.”

அம்மா நீளமாக மூச்சு விட்டாள். போன வருடம் எங்கள் தையல் மேஜையில் நான் சுட்டுவைத்த தழும்பைத் தடவிப் பார்த்தாள்.

“இதுக்கு உன்ன எவ்வளவு திட்டியிருப்பேன். இனிமே திட்டல, போ.”