குவளையும் புங்குஸும்

“நீ என்ன நினைக்கிற?”

உமாராணி டீச்சர் என்னிடம் முதன்முதலாகக் கேட்டது இதுதான். பிள்ளைகள் ஊற்றி விளையாடும் தண்ணீர்த் தொட்டியை எங்கே வைக்கட்டும் என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் அது. பள்ளியில் எல்லாரும் “புரிஞ்சுதா?” என்றுதான் கேட்பார்கள். தலையாட்டியே படிவம் மூன்று வரை வந்து, படிப்பை நிறுத்திவிட்டவள் நான். இப்போது கோலா கெத்தில் ஊரின் கடை வரிசையில் அவர் நடத்தும் பாலர் பள்ளியில் உதவிக்கு இருக்கிறேன்.

டீச்சர் விடையைச் சொல்லவே மாட்டார். பிள்ளைகள்தான் தொட்டும் ஊற்றியும் சண்டை போட்டும் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. அழகேசன் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. பாசார் சந்தையில் சிராப்புச் சர்பத்தும் தே ஓ ஐஸ் தேநீரும் விற்பவர் அவர். வியாழக்கிழமை மதியம், மகள் வாணியைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவதற்காகவே வந்தார்.

“மத்த பள்ளிப் பிள்ளைங்க நூறு வரைக்கும் எழுதுது டீச்சர். இவ வீட்டுக்கு வந்தும் தண்ணியதான் ஊத்துறா. வேற எடத்துல போட்டுர்றேன் லா.”

ஆணியில் தொங்கிய வாணியின் புத்தகப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். வாணியை விட்டால் அந்த வகுப்பில் என்னோடு பேசுகிற பிள்ளை வேறு இல்லை.

“கொஞ்சம் நில்லுங்கண்ணே. ஒரு சண்டை நடக்குது, முடியட்டும்,” என்றார் டீச்சர்.

சண்டை வாணிக்கும் அவள் வகுப்புப் பையன் திவாகருக்கும், சிராப்பைப் பற்றி. ஒரே அளவை எடுத்து, திவாகருக்குக் குவளையில் ஊற்றியிருந்தார் டீச்சர். வாணிக்குப் புங்குஸ்: பிளாஸ்டிக் பையில் ஊற்றி, உறிஞ்சுகுழல் செருகி, வாயைக் கட்டியிருந்தது.

“என்னோடதுதான் நெறைய. எப்படி குண்டா இருக்கு பாரு!”

“போடி. என்னோடது உசரம்.”

“ரெண்டும் ஒன்னுதான்டி,” என்றார் அழகேசன் அண்ணன். “அப்பா கடையில குவளையில அளந்துதானே பையில ஊத்துறேன்.”

“கஸ்டமருக்கும் அப்படித்தான் சொல்லுவ,” என்றாள் வாணி.

டீச்சர் சிரித்துவிட்டார். அழகேசன் அண்ணன் என் பக்கம் திரும்பினார். “நீயே சொல்லும்மா. இது படிப்பா?”

திவாகரின் குவளை போலவே காலிக் குவளை ஒன்றை எடுத்துவந்து வாணியின் முன்னால் வைத்தேன்.

அவள் கட்டை அவிழ்த்து ஊற்றினாள். திவாகருடையதைவிடச் சற்றுக் குறைந்தது.

“உன்னோடது கம்மி!” திவாகர் குதித்தான்.

வாணியின் உதடு பிதுங்கியது. அழகேசன் அண்ணன் ஏதோ சொல்ல வர, டீச்சர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அவர் அடங்கினார்.

வாணி பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மூலையில் சிவப்பாக மிச்சம் இருந்தது. குவளையின் மேல் கவிழ்த்து, பிழிந்து, உதறினாள். குனிந்து இரண்டு குவளைகளையும் கண்ணுக்கு நேராகப் பார்த்தாள்.

“பையில ஒட்டிக்கிச்சு. ஒன்னுதான்டா, திவாகர்.” பிறகு நிமிர்ந்தாள். “அப்பா, ஐஸ் போட்டா? அப்பவும் ஒன்னாவா இருக்கும்?”

அவர் வாயைத் திறந்தார். இந்தத் தடவை டீச்சர் விரலை வைக்கவில்லை. அவராகவே மூடிக்கொண்டார். வாணி ஐஸ் பெட்டியை நோக்கி ஓடினாள்.

அழகேசன் அண்ணன் தோளிலிருந்த புத்தகப்பையைக் கழற்றி அதே ஆணியில் மாட்டிவிட்டு, படியிறங்கிப் போனார்.