மூன்று டப்பா கடல் உப்பு

மனைவிக்கு வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்ட பிறகுதான், அந்த எலெக்ட்ரீஷியன் கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் முதன்முறையாகக் கரண்டி பிடித்தார். எந்த ஒயர் எந்த சுவிட்சுக்குப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். அளவு தெரிந்தால் சமையலும் வந்துவிட்டுப் போகிறது என்று நினைத்தார்.

"சூப்புக்கு ரெண்டு ஸ்பூன் உப்பு," என்று கட்டிலில் இருந்தபடியே சொன்னாள் மனைவி.

அலமாரியில் மூன்று டப்பாக்கள் இருந்தன. போன வாரம் வந்த மகள், பழைய தூள் உப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, "இனிமே கடல் உப்புதாம்ப்பா" என்று வைத்துவிட்டுப் போனவை. ஒன்றில் வெள்ளைச் செதில்கள், ஊதினால் பறக்கும்போல. இன்னொன்றில் சாம்பல் நிறத்தில் ஈரக் கல். மற்றதில் நைசான பொடி. பார்வைக்கு அழகாக இருந்த செதிலில் இரண்டு ஸ்பூன் போட்டார்.

"ஏங்க, உப்பே போடலையா?"

"ரெண்டு ஸ்பூன் போட்டேனே!"

"எங்க, தரையிலயா?"

மறுநாள் கல் உப்பு. இறக்கும்போது போட்டு, உடனே ருசி பார்த்தார். சப்பென்று இருந்தது. இன்னும் இரண்டு ஸ்பூன் தட்டினார். சூப் மேஜைக்கு வருவதற்குள் எல்லாம் கரைந்துவிட்டது. ஒரு வாய் வைத்ததும் மனைவியின் முகம் கோணிப்போனது.

பொடியைத் தொடவே பயம் வந்துவிட்டது. மூன்று டப்பாக்களையும் பையில் போட்டுக்கொண்டு மளிகைக் கடைக்குப் போனார்.

"மூணும் உப்புதாண்ணே," என்றாள் கடைக்காரம்மா. "செதில் எடுத்தா ஸ்பூன்ல பாதி காத்து. கல்லு கரைய நேரமாகும், கொதிக்கிறப்பவே போட்டுரணும். ஸ்பூனை நம்பாதீங்க, நிறுத்துப் போடுங்க."

"எது நல்லது?"

"வேகவைக்கக் கல்லு, மாவு பிசையப் பொடி, சாப்பிடுறப்ப மேல தூவ செதில்."

"மூணும் ஒண்ணுங்கறீங்க, மூணும் வேறங்கறீங்க!"

"ஆமா," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, சின்னத் தராசு ஒன்றை இரவல் தந்தாள்.

வீட்டுக்கு வந்து, "எத்தனை கிராம் போடணும்?" என்று கேட்டார்.

"கிராமா? அதெல்லாம் என் கைக்குத்தான் தெரியும்."

கல் உப்பு டப்பாவை நீட்டினார். இடது கையால் அள்ளிக் கொடுத்தாள். பதினொரு கிராம். சந்தேகம் தீராமல் மறுபடி அள்ளச் சொன்னார். ஒன்பது. இன்னொரு தடவை, பதிமூன்று.

"இதுல எதும்மா சரி?"

"எல்லாம் சரிதாங்க."

அவருக்குத் தலை சுற்றியது. ஒயரில் இப்படி வேலை பார்த்தால் வீடே எரிந்துவிடும். கடவுளே என்று பதினொன்றைக் கொதிக்கும் சூப்பில் போட்டார்.

மனைவி இடது கையால் மெதுவாகக் குடித்தாள். கூட வைத்திருந்த வெந்த உருளைக்கிழங்கின் மேல் அவளே நாலு செதிலைத் தூவிக்கொண்டாள். கிண்ணம் காலியாகும்வரை அவர் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"கட்டுப் பிரிச்சப்புறமும் நீங்களே செய்ங்க."

பாராட்டா, தண்டனையா என்று அவருக்கு விளங்கவில்லை.