கண்ணுக்கடியில் ஒரு சுழி

வாளையாரிலிருந்து குதிரை வாங்க வந்த குருசாமி முதலில் பார்த்தது அதன் காதைத்தான். உள்ளே வளைந்து, நுனியோடு நுனி முட்டி நிற்கும் காது. குஜராத்துக் காத்தியவார்க் குதிரைக்கு அதுதான் அழகு.

"வறண்ட சீமையில ராசாக்கள் சண்டைக்கு வளர்த்த வம்சமுங்க. தண்ணி கொறஞ்சாலும் சளைக்காது. நம்ம முதலமடைக்கும் உங்க வாளையாருக்கும் தோது" என்றார் அப்புசாமி.

எல்லாம் மகள் மருதாத்தாள் சொல்லிக்கொடுத்தது. அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். சரித்திரத்தில் பி.ஏ. வேலைக்கு எழுதிப்போட்டு அலுத்துவிட்டாள். படித்த சரித்திரம் குதிரை விற்கத்தான் உதவியது.

குருசாமி பல்லைப் பார்த்தார், குளம்பைத் தட்டினார். இடது கண்ணுக்கடியில், மயிர் சுழித்திருந்த இடத்தில், கை நின்றது.

"கண்ணீர்ச்சுழியல்லோ! கட்டுனவன் ஊட்டுல எழவு உழுகுமுங்களே."

அப்புசாமி குதிரையின் முகத்தை மறுபக்கம் திருப்பினார்.

"செரி, உருப்படி நல்லாருக்குது. கம்பியக் காய்ச்சிச் சுழி மேல இழுத்துடுங்க. தோசம் கழிஞ்சா ஓட்டிட்டுப் போறேன்."

"அப்பா, கண்ணே போயிருமுங்க!" என்றாள் மருதாத்தாள்.

"நீ சும்மாரு அம்மிணி" என்று அடுப்பில் கம்பியைச் செருகினார். எப்படியாவது குதிரை கண்ணை விட்டு மறைந்தால் போதும் அவருக்கு.

குதிரை வந்த மாதமே அவர் மனைவி செத்துப்போனாள். குதிரைதான் காவு வாங்கியது என்றது ஊர். காய்ச்சல்தான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாத நம்ம புத்திதான் என்று தெருத்தெருவாகச் சண்டை போட்டவள் மருதாத்தாள். கத்திக் கத்தித் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

கம்பி சிவந்துவிட்டது.

"ஏனுங்க, இது சூட்டுக்கு அடங்குற சுழியில்லீங்க" என்றாள் குருசாமியிடம். "இது வந்த மாசமே எங்கம்மாள முழுங்கிருச்சு. அப்பா சொல்லலீங்களா?"

குருசாமி குதிரையின் மேலிருந்த கையை வெடுக்கென்று இழுத்து வேட்டியில் துடைத்தார். செருப்பைத் தேடினார். போயே போய்விட்டார்.

அப்புசாமி அடுப்பருகே அப்படியே உட்கார்ந்துவிட்டார். "காச்சல்னு ஊரையே வைதவ நீ. உன்ற வாயாலயே சொல்லிட்டியே."

அவள் கம்பியை உருவித் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டாள். சீறிய சத்தத்துக்குக் குதிரையின் காதுகள் பிரிந்து, மறுபடி சேர்ந்துகொண்டன.

"இனி இத ஆரு வாங்குவா?" என்றார் அப்புசாமி.

"ஆரும் வாங்க மாட்டாங்க."

நாளைக்குள் ஊர் முழுக்கச் சொல்லும்: படிச்சவளே ஒத்துக்கிட்டா. திரும்பச் சண்டை போட அவளிடம் தெம்பில்லை. குதிரைக்குப் புல் அறுக்க அரிவாளை எடுத்துக்கொண்டு நடந்தாள்.