சிவப்பு எரிந்தால் நின்றுவிட்டது

பஸ் டிரைவர் தன் குடும்பத்தை எடுத்த வீடியோவைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், அவர் வீட்டில் சிரிப்பு அடங்க நேரமாகும். மகளின் பிறந்தநாளா? செருப்புக் கால்கள். கடற்கரைக்குப் போனதா? பையின் உள்பக்கம். ஆசை ஆசையாகக் காமிரா வாங்கி, டேப் முழுக்கத் தரையை எடுத்து வைத்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். ஒரு முறை சத்தமில்லாமல் வேகமாக ஓட்டிப் பார்த்துவிட்டு, "காமிராவே கோளாறு" என்று சாதித்தார். அத்தோடு அதைப் பரணில் தூக்கிப் போட்டவர்தான்.

போன வருஷம் அவர் மனைவிக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. வாயாடி என்று பேர் வாங்கியவள், இப்போது யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் கையை இரண்டு தட்டு தட்டுகிறாள். டிரைவர் அதற்கும் உடனே திரும்பிவிட மாட்டார். மூன்றாவது முறைதான் காது கேட்கும் என்பது கல்யாணமான நாளிலிருந்து அவர் வழக்கம்.

அம்மாவின் குரல் எங்காவது மாட்டியிருக்கிறதா என்று மகள் எல்லோர் போனையும் சலித்துப் பார்த்துவிட்டாள். ஒன்றுமில்லை. யாராவது படமெடுக்கிறார்கள் என்று தெரிந்தாலே அம்மா பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதுபோல உதட்டை இறுக்கிக்கொண்டு விடுவாள். நாலு வீடு தள்ளிக் கேட்ட குரல் ஒரு போனில்கூட இல்லை. டிரைவருக்கோ அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வந்தது. அதை வெளியே சொல்ல அவருக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் பரண் ஞாபகம் வந்தது. கால்தான் தெரிகிறது என்றாலும், ஒரு வார்த்தையாவது விழுந்திருக்காதா?

ரிப்பேர் கடைக்காரர் காமிராவை ஒருவழியாக ஓட வைத்து, டேப்பையும் ஆரம்பத்துக்குச் சுற்றிக் கொடுத்தார். கொடுக்கும்போதே பொறுப்பைக் கைகழுவிவிட்டார். "ஒரு தடவை ஓடும். திருப்பிச் சுத்தினீங்கன்னா டேப் சிக்கி அறுந்துடும். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாப்பிள்ளை சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்தார். காமிராவுக்கும் அதற்கும் நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, மஞ்சளும் வெள்ளையுமாக வயர்கள்.

"போன்ல அனுப்புற மாதிரி டக்குனு வராது மாமா. டேப் ஓட ஓடத்தான் கம்ப்யூட்டர்ல ஏறும். முழுசும் ஓடி முடியிற வரைக்கும் உக்காரணும்."

"உக்காந்துட்டுப் போறேன். எனக்கென்ன, பஸ் எடுக்கணுமா?"

டேப் சுழன்றது. திரையில் தரை வந்தது. ஒரு செருப்பு வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

"பழைய டேப்புல முதல்ல சத்தம்தான் போகும்," என்றார் மாப்பிள்ளை, எல்லாம் தெரிந்தவர் போல.

டிரைவர் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனார். திரையின் ஓரத்தில் ஒரு புடவைத் தலைப்பு ஆடியது. வளையல் போட்ட கை ஒன்று வந்து வந்து போனது.

"பேசுறா! கையைப் பாருங்க. வாய் சும்மா இருந்தா அவ கையும் சும்மா இருக்கும்!" என்று கத்தினார் டிரைவர்.

பேச்சு கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. திருப்பிப் பார்க்கவும் வழியில்லை. பின்னாலிருந்து இரண்டு தட்டு. யாரும் திரும்பவில்லை. மறுபடியும் தட்டு. அதற்குமேல் பொறுக்காமல் அவளே வந்து மேஜைக்கடியில் விரலை நீட்டினாள். சத்தத்துக்கான வெள்ளை வயர் எதிலும் செருகாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டு குனிந்து செருகினார்.

"...தலையைத் தலையை ஆட்டிட்டு வந்துடுவீங்க, அப்புறம் அல்லாடுறது நான்!" என்று வீடே அதிர ஒரு குரல் கேட்டது. "ஆமா, அதை நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்தியாச்சு. சிவப்பு எரியுது பாரு." இது டிரைவரின் இளவயதுக் குரல்.

"நிஜமா?"

"சிவப்பு எரிஞ்சா நின்னுடுச்சுன்னு அர்த்தம். தினமும் பஸ் ஓட்டுறவனுக்கு இதுகூடத் தெரியாதா?"

மகள் வெடித்துச் சிரித்தாள். "அப்பா! சிவப்பு எரிஞ்சா காமிரா ஓடுதுன்னு அர்த்தம்பா!"

டிரைவர் பேந்தப் பேந்த விழித்தார். சிவப்பைக் கண்டால் பிரேக்கை மிதித்தே பழகிய கால் அவருடையது. விளக்கு எரிந்தபோதெல்லாம் காமிராவைத் தொங்கவிட்டு நடந்திருக்கிறார். அணைந்த பிறகு அக்கறையாகத் தூக்கிப் பிடித்திருக்கிறார். எல்லோரும் அசையாமல் நின்று காட்டியது தூங்குகிற காமிராவுக்கு. அது நின்றுவிட்டது என்று நம்பித்தான் மனைவி வாயைத் திறந்திருக்கிறாள். சரியாக எடுத்திருந்தால் ஒரு வார்த்தை கிடைத்திருக்காது.

"மாமா, வேணும்னா அப்புறம் இந்தத் தரையெல்லாம் வெட்டிட்டு..."

"ஒரு துளிகூட வெட்டக் கூடாது மாப்ள!"

குரல் ஓடிக்கொண்டே இருந்தது. அவரைத் திட்டியது, அவர் அண்ணனைத் திட்டியது, நடுவில் மகளைக் கொஞ்சியது. மனைவி அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். கண்ணில் நீர் வழிந்தது. டிரைவர் தன் கண்ணைத் துடைக்கவே மறந்துபோனார். மறந்தே போய்விட்டதென்று பயந்த குரல், பிசிறில்லாமல் இதோ!

"ஏங்க," என்றது குரல்.

டேப்பில் பதில் இல்லை. செருப்பு மட்டும் நடந்தது.

"ஏங்க, உங்களைத்தான். எத்தனை தடவை கூப்பிடுறது? நான் பேசுறது காதுல விழுதா இல்லையா?"

டிரைவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "விழுதும்மா," என்றார் திரையைப் பார்த்து. "நல்லா விழுது. சொல்லு."

பக்கத்தில் மெதுவாக இரண்டு தட்டு கேட்டது. முதல் முறையிலேயே அவர் திரும்பினார்.